நீ மிதித்த பிரேக்

ஒரு காலத்தில் நண்பனாக இருந்தவனுக்கு,

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன், இந்த அந்நிய தேசத்தில் என் ஓட்டுநர் தேர்வுக்கு அதிகாரியாக வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன்? "டேய், நீயா!" என்றேன். நீயோ இந்த ஊர் மொழியில், சீட் பெல்ட்டைப் போடுங்கள் என்றாய்.

ஊரில் இருபது வருடம் கார் ஓட்டியவன் நான். திருப்பத்தில் ஹார்ன் அடிப்பது அங்கே மரியாதை, இங்கே அடாவடியாம். நீயும் அப்படி அடித்துப் பழகியவன்தான். ஆனாலும் தப்பு என்று குறித்துக்கொண்டாய்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி சாலையைக் கடந்தாள். நானே நிறுத்தியிருப்பேன். அதற்குள் அதிகாரிக்கென்று உன் பக்கம் தனியாக வைத்திருக்கும் பிரேக்கை மிதித்து, "டேய், பாருடா!" என்று அலறினாய். அப்போது மட்டும் தமிழ் வந்துவிட்டது. அடுத்த நிமிடமே அந்நியனாகி, ஃபெயில் என்று எழுதி நீட்டினாய்.

உரிமம் இருந்தால்தான் எனக்கு வேன் ஓட்டும் வேலை. இந்த மாதக் கடைசிவரைதான் காத்திருப்பார்கள். மறுதேர்வுக்கு வேறு அதிகாரி என்றால் அடுத்த வாரமே தேதி இருக்கிறதாம். நீ என்றால் அடுத்த மாதம்தானாம். நீதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"வேலை போயிடும். உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்று என் மனைவி கத்துகிறாள். போகட்டும். எவனோ போடும் பாஸ் எனக்கு எதற்கு? நீ போட வேண்டும். போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய அறைக்காரன்