ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு மழை

சுங்காய்,
7 அக்டோபர் 1927

அன்புள்ள மச்சானுக்கு நவமணி எழுதுவது. இங்கே நான் சுகம். லகாட் சுரங்கத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். கோபமாக இருப்பீர்கள், தெரியும். கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நேற்று உங்கள் கூட்டாளி பத்துமலை அண்ணன் வந்தார். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி கம்பார் ஸ்டேஷனில் பொழுது சாயும்வரை காத்திருந்தீர்களாம், நான் வரவில்லையாம். "அடுத்த தடவையும் வரலேன்னா அதுதான் அவ பதிலு, நான் கிளந்தானுக்கு ரயில்பாதை வேலைக்குப் போறேன்" என்று சொல்லி அனுப்பினீர்களாம். மச்சான், நான் வந்தேன். மறுநாள், இருபத்தாறாம் தேதி, அதே பெஞ்சில் கடைசி ரயில்வரை உட்கார்ந்திருந்தேன். லகாட்டுக்குக் குடிவர மாட்டேன் என்று போன தடவை பிடிவாதம் பிடித்தேனே, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று அழுதுகொண்டே திரும்பினேன்.

உங்கள் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓட்டுகிறவர்கள் எட்டுப் பேர். எட்டு நாளைக்கு ஒரு ஓய்வு. இங்கே தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுவது ஆறு கூட்டம். எனக்கு ஆறு நாளைக்கு ஒரு ஓய்வு. மூவெட்டு இருபத்துநாலு, நாலாறு இருபத்துநாலு, உன் நாலாவது ஓய்வுக்கு வா, என் மூன்றாவது ஓய்வுக்கு வருகிறேன் என்று நீங்கள்தான் கணக்குச் சொன்னீர்கள். தேதியை விட்டுவிட்டு ஓய்வை மட்டும் எண்ணினோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

செப்டம்பர் இருபதாம் தேதி விடியலில் பலத்த மழை. மரம் நனைந்தால் பால் வீணாகும், அன்றைக்கு வெட்டு இல்லை. தோட்டமே சும்மா இருந்ததால் கங்காணி எல்லோர் முறையையும் ஒரு நாள் தள்ளிவிட்டார். உங்கள் பம்புக்கு மழை ஏது? மழை பெய்தால் இன்னும் அதிகமாக இறைப்பீர்கள்.

ஒரு நாள்தானே, போகப் போகச் சேர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இன்று புளியங்கொட்டையை அடுக்கிப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கடைசியாகச் சந்தித்த செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணினால் உங்கள் ஓய்வு எட்டு, பதினாறு, இருபத்துநாலு, முப்பத்திரண்டு. மழைக்குப் பின் என் ஓய்வு இருபத்தைந்து, முப்பத்தொன்று, முப்பத்தேழு. எட்டையும் இரண்டிரண்டாகப் பிரிக்கலாம், ஆறையும் பிரிக்கலாம். அதனால் உங்கள் நாள் என்றைக்கும் இரட்டைப்படைதான். ஒற்றைக்குப் போய்விட்ட என் நாள், ஆறாறாகக் கூட்டினாலும் ஒற்றைதான். நூறுவரை அடுக்கினேன், ஓரிடத்திலும் சேரவில்லை. அடுத்து நீங்கள் பத்தொன்பதாம் தேதி வருவீர்கள், நான் இருபதாம் தேதி. இன்னொரு மழை இதை மாற்றலாம். மழையை நம்பிப் புருஷனை விட என்னால் முடியாது.

கங்காணியிடம் ஒரு நாள் முன்னதாக ஓய்வு கேட்டேன். முறை மாறிப் போனால் பெயரை அடித்துவிட்டு தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைப் பூட்டிவிடுவேன் என்றார். உங்களுக்கு மறுநாள் ஓய்வு எடுக்கிற ஆளிடம் நீங்கள் முறையையே மாற்றிக் கேளுங்கள். இருபதாம் தேதி வந்தீர்களானால், அதிலிருந்து பழையபடி இருபத்துநாலு நாளைக்கு ஒரு தடவை தானாகச் சேர்ந்துவிடும்.

பதினெட்டாம் தேதிக்குள் ஒரு வரி எழுதுங்கள். கடிதம் வராவிட்டால் மாற்ற முடியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் தேதி காலையில் வெட்டுக்கத்தியைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவேன். உங்கள் குடிசையில் இன்னொரு பாய் போட இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

முருகன் உங்களைக் காக்கட்டும். அன்றைக்குக் கம்பாரில் தகரப் பெட்டியோடு இறங்குகிறவளை நன்றாகப் பாருங்கள். அவளிடம் திரும்பிப் போக டிக்கெட் இருக்காது.

உங்கள்
நவமணி