இரண்டு பக்கத்து ரத்தம்

கோயம்புத்தூர்
8 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நிற்பார், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இந்த வாரம் வகுப்பில் தலசீமியா பாடம். தம்பி சந்தோஷுக்கு மாதாமாதம் சேலத்தில் ரத்தம் ஏற்றியும் காப்பாற்ற முடியாமல் போனதே, அதே நோய். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு ஜோடியாக வருகிறது அம்மா. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் பழுதென்றால் ஆள் நன்றாகவே இருப்பார். இரண்டும் பழுதாக வந்தால்தான் அந்த நோய். நீ மட்டும் அதைக் கொடுத்திருக்க முடியாது. அத்தை இத்தனை வருஷமாக உன்னைக் குற்றம் சொன்னது தப்பு.

கல்லூரியில் எனக்கும் பரிசோதித்தார்கள். என்னிடம் பழுதானது ஒன்று இருக்கிறது. அத்தை மகன் ஜீவானந்தத்தை எனக்குப் பேசுகிறீர்களே, அவரும் ரத்தம் பார்க்கட்டும். அவரிடமும் இருந்தால் எங்கள் பிள்ளைக்கும் தம்பியின் கதி வரலாம். பார்க்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன்.

உன் கலா

செம்மநத்தம்
17 பிப்ரவரி 2024

கண்ணு கலாவுக்கு அம்மா எழுதுவது.

காப்பிப் பழம் பறித்து முடிந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதிச் சோற்றில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். மறுநாள் அத்தை வாசலில் வந்து நின்று, "எம்பையனுக்கு ரத்தம் பாக்கோணுமா? கெட்ட ரத்தம் உன்னோடதுடி" என்றாள். எப்போதும் உள்ளே போய் அழுகிறவள் நான். அன்று போகவில்லை. "ஏனுங்க அண்ணி, ரெண்டு பக்கமும் இருந்துதானுங்க வந்துருக்குது. எம்புள்ள படிச்சுச் சொல்லுது" என்றேன். உங்கப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்னும் என்னோடு பேசவில்லை.

சம்பந்தம் நின்றுபோனால் உனக்கு வருத்தமா? மறைக்காமல் எழுது.

அம்மா புஷ்பலதா

கோயம்புத்தூர்
24 பிப்ரவரி 2024

அம்மா,

வருத்தமாகத்தான் இருக்கும். ஜீவா மாமாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் நீ வாசலில் நின்று பேசியதை விடுதியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "யாரு, உங்கம்மாவா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், எங்கம்மாதான்.

கலா

செம்மநத்தம்
12 மார்ச் 2024

சாமி கலா,

உரம் வாங்க என்று சேலத்துக்குப் பஸ் ஏறிய உங்கப்பா, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முடிவு வந்ததும் என்னை அத்தை ஊட்டுக்கு அழைத்துப் போனார். சொந்தமெல்லாம் இருந்தது. "எனக்கும் அது இருக்குது. பையனுக்கு நானும்தான் குடுத்திருக்கறேன். இனிமே இவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். "அது யார் குத்தமும் இல்லீங்க" என்று நான்தான் அவர் கையைப் பிடித்தேன்.

ஜீவா அடுத்த நாளே போய்ப் பார்த்துக்கொண்டான். அவனிடம் இல்லை. அத்தை இறங்கி வந்து, "எப்ப நாள் பாக்கலாம்?" என்றாள். "எம்புள்ளையக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்" என்றேன். உன் பதிலை எழுது.

மேலத்தெரு சிவசக்திக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. "ஏனுங்க அக்கா, எங்களையும் ரத்தம் பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று வந்து கேட்டாள். புதன்கிழமை அவளையும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் பையனையும் கூட்டிக்கொண்டு நான் சேலம் போகிறேன். பஸ்ஸில் யாராவது எதற்கென்று கேட்கட்டும். எனக்குச் சொல்லத் தெரியும்.

உன் அம்மா