ஆன்மாக்கள் பெட்டியில் உன் பெயர்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை, கொழும்பு,
1941 கார்த்திகை 11, செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகன் நோபேட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை மாக்ரெட்டும் தேவமாதாவின் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று அடுத்த வரியை எழுதிவிட ஆசைதான், கை வரமாட்டேன் என்கிறது. ஆடி மாதத்துக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. தபால்காரர் நம் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினாலே எனக்கு இன்றைக்கும் கடிதம் இல்லையோ என்று ஒரு பயம், தந்தியாக இருந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். ஒன்றுமில்லை அம்மா என்று அவர் கையை ஆட்டிவிட்டுப் போனால் அப்பாடா என்று இருக்கிறது, பிறகு அப்படி நினைத்ததற்காகக் குசினிக்குள் போய் அழுகிறேன். துறைமுகம் முழுக்க யுத்தக் கப்பல்கள். பொழுது பட்டால் விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டவேண்டும் என்று சட்டம். ட்ராமில் ஏறினால் யப்பான்காரன் வருகிறானாம் என்ற கதைதான். சிங்கப்பூர் பெரிய கோட்டை, அங்கே ஒருவனும் வரமுடியாது என்று நீ எழுதியிருந்தாய், உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும், ஆனால் பெற்ற வயிற்றுக்கு அது விளங்குகிறதா?

உன் கடைசிக் கடிதத்தை அப்பா சத்தமாக வாசித்துக் காட்டினார். எந்த ஊரில் ஒருவன் தனியாக வசதியாக இருக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு பெரிய வியாசமே எழுதியிருந்தாய். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் நல்ல அறையாக எடுத்தால் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும், மிச்சம் சாப்பாட்டுக்கடைக்கும் ட்ராமுக்கும் வண்ணானுக்கும் போனால் மாதக் கடைசியில் கைமாற்றுத்தான் என்றாய். பம்பாயில் நீ இருந்த வருசம் சம்பளம் பரவாயில்லை, ஆனால் ஒரு கட்டிலில் பகலில் ஒருவனும் இரவில் ஒருவனுமாகப் படுத்தீர்கள் என்றாய், அதை அங்கே இருக்கும்போது எனக்கு ஏன் எழுதவில்லை? சிங்கப்பூரில் என்றால் தெருவைப் பார்த்த யன்னலோடு தனி அறை, கதவுக்குத் தனித் திறப்பு, துணி வெளுத்துத் தரச் சீனன், கீழே கடையில் சோறும் மீனும், அதற்கு மேலும் மாதம் மாதம் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். அப்பா டொலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, பொடியன் சொல்லுறது சரிதான் என்றார், பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில ஒரு வீடு வாடகை இல்லாமக் கிடக்கு, அதை மட்டும் எழுத மறந்திட்டான் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. தனியாக, தனியாக என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறாய்! முன்னறையில் வருகிற போகிற விருந்தாளிகளுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்தது உனக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிற ஆளுக்கு எந்த ஊரில் எவ்வளவு என்று நீ போடவில்லையே ராசா.

மூலைவீட்டு ஹியூபேட் கப்பலில் மேசைக்குப் பரிமாறுகிற வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். அந்தக் கப்பல் சிங்கப்பூருக்குப் போகிறது என்று அறிந்து ஒரு தகரம் நிறையக் கொக்கிசுப் பலகாரமும் ஒரு போத்தலில் மாசிச் சம்பலும் கொடுத்துவிட்டேன். அவன் போன கிழமை திரும்பி வந்தான். வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான், அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அங்கே உன் வீட்டைக் கண்டுபிடித்தானாம். வீட்டுக்காரச் சீனத்தியிடம் நோபேட் என்று கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்றாளாம். இவன் உன் உயரத்தையும் உன் சுருட்டைத் தலையையும் கையால் காட்டிய பிறகுதான் விரலை விரித்து அறை நம்பரைக் காட்டினாளாம். உனக்கு அங்கே பெயர் நம்பர்தானா? கதவைத் தட்டினானாம், சத்தமே இல்லையாம், பூட்டுத் தொங்கியதாம். கதவுக்குக் கீழே பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இரண்டு கடிதம் கிடந்ததாம். என் எழுத்து. கன நாளாய்க் காணவில்லை என்றாளாம் அவள், வருசக் கடைசி வரைக்கும் வாடகை முன்னாலேயே கட்டியிருக்கிறாய், அதனால் தேடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் கம்பனிக் கந்தோர்களும் பூட்டு, கப்பலும் ஊதிவிட்டது, தகரத்தைக் கதவடியில் வைத்துவிட்டு ஓடி வந்தானாம். வேலையாய் எங்கேயாவது தோட்டப் பக்கம் போயிருப்பார் அன்ரி, பயப்படாதேங்கோ என்றான். ஓம், அப்படியும் இருக்கலாம். ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அப்பா உன் அறைக்குத் தந்தி அடித்தார், பதில் இல்லை. கம்பனிக்கு அடிக்கலாம் என்றால், ஒரு றப்பர்க் கம்பனி என்று மட்டும் எழுதியிருக்கிறாய், அந்த ஊரில் எத்தனை றப்பர்க் கம்பனி இருக்கும் மகனே, யாருக்கு என்று அடிப்பது?

இனித்தான் நடந்ததைச் சொல்லப்போகிறேன், சிரிக்காதே, கோபிக்கவும் வேண்டாம். ஹியூபேட் சொன்ன அடுத்த நாள் விடியற்காலைப் பூசைக்கு ஓடினேன். பீடத்தில் நிற்கிற அந்தோனியாருடைய சுருவத்துக்குப் பக்கத்தில் மன்றாட்டுப் பெட்டி இருக்குமே, அதற்குள் உன் பெயரை எழுதிப் போட்டேன். பெயர் மட்டும் எழுதினால் போதும், மிச்சம் அவருக்குத் தெரியும் என்று நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான். கார்த்திகை பிறந்தால் அந்தப் பெட்டியை உள்ளே எடுத்துவிட்டு, மரித்து உத்தரிக்கிற ஆன்மாக்களுக்குப் பெயர் கொடுக்கிற பெட்டியை அதே இடத்தில் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்க்கிறவள். ஆனால் யுத்தச் சட்டத்துக்காகக் கோவில் விளக்குகளுக்கும் துணி கட்டியிருந்தார்கள், என் கண்ணிலும் தண்ணீர், பெட்டியைத் தடவிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நேற்று முன்தினம் ஞாயிறு முதற்பூசையில் பிரசங்கம் முடிந்து, மரித்தவர்களுக்காக மன்றாடுவோம் என்று சுவாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். மரித்த நோபேட் பஸ்தியாம்பிள்ளை என்று வாசித்தார். ஐயோ, என் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. ஆண்கள் பக்கத்தில் அப்பாவின் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் பெட்டியில் போட்டது அவருக்குத் தெரியாது. தூர ஊரில் யாருக்கும் ஒன்று நடந்தால் முதலில் சுவாமியாருக்குத்தான் அறிவிப்பார்கள், அவர்தான் வீட்டாருக்குச் சொல்வார், அப்படி ஏதோ செய்தி வந்துவிட்டது என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். அவர் திரும்பவேயில்லை. மெல்ல முழந்தாளில் இருந்தார், பூசை முடிந்து எல்லாரும் எழும்பிய பிறகும் அப்படியே இருந்தார்.

நான் சுவாமியாரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன், அவர் பாவம் நெற்றியில் அடித்துக்கொண்டு இரண்டாம் பூசையில் திருத்திச் சொல்கிறேன் என்றார். ஆனால் முதற்பூசைக்கு வந்த சனம் எங்களுக்கு முன்னால் நம் வீட்டில் நிற்கிறது! அப்பம் சுடுகிற பழனியம்மா மாக்கலயம் நிறைந்திருக்க அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள். மஜீட் நானா கடையிலிருந்து சீனியும் கோப்பித்தூளும் வந்தது, அவர் மனுசி ருக்கியா வந்து மாக்ரெட்டை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தா. எதிர்வீட்டுச் சிங்கள நோனா, அனே புதே, ஐயோ மகனே என்று மாரில் அடிக்கிறா. ஆட்கள் இருக்க யாரோ வாங்கு கொண்டுவந்து போட்டார்கள், செத்தவீடு என்று யாரோ வாசலுக்கு வெள்ளை கட்டத் துணி கேட்டார்கள். என் மகன் சாகவில்லை, நான்தான் பெட்டி மாறிப் போட்டேன் என்று கத்தினேன். ஓம் அக்கா, ஓம் என்று முதுகைத் தடவி எனக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார்கள். பிள்ளை செத்த செய்தி கேட்டுப் புத்தி பேதலித்த தாயைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை அன்றைக்கு நான் கண்டேன். அவ்வளவு பேர் அழ அழ, என் கையாலேயே எழுதிப் போட்ட எனக்கே பயம் பிடித்துவிட்டது, ஒருவேளை சுவாமியாருக்கு நிஜமாகவே ஏதும் தெரியுமோ, என்னைத் தேற்றத்தான் பெட்டிக் கதையை ஒத்துக்கொண்டாரோ என்று. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இரண்டாம் பூசை முடிந்து திருத்தம் வந்த பிறகுதான் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பியைக் குடித்துவிட்டு, என்னைத் திட்டிவிட்டுக் கலைந்தது. இங்கே உன் பெயரை ஒருமுறை பிழையாக வாசித்ததற்கு வீடு கொள்ளாத சனம். அங்கே பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு தகரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உன் கணக்கைத் திரும்ப ஒருக்கால் போட்டுப் பார் மகனே.

அப்பா என்னைத் திட்டவில்லை. உப்புக் கூடினாலே வீட்டைத் தலைகீழாக்குகிற மனிதர்! அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லாரும் போன பிறகு கதிரையில் இருந்துகொண்டு, அக்னேசு, அது பிழையா வாசிச்ச பேர்தான், சுவாமி சொன்னவர், ஆனா அரை மணித்தியாலம் எனக்கு மகன் இல்லாமப் போச்சு, இன்னொருக்கா அப்பிடி வந்தா நான் தாங்கமாட்டன், போய்ப் பாத்திட்டு வாறன் என்றார். நான் ஏதோ கடைத்தெரு வரைக்கும் என்று நினைத்தேன். நேற்றுக் காலை சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் முன்பு கிளாக்கராக இருந்த துறைமுகத்துக்குப் போய், பழைய ஆட்களைப் பிடித்து, வியாழக்கிழமைக் கப்பலில் ஒரு இடம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். பக்கத்து வத்தளைக்குப் போனாலே மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிற மனிதர்! கடலில் குண்டு மிதக்கிறதாம், வேண்டாம் என்று காலைப் பிடித்தேன். பொடியன் இருக்கிற ஊர்தானே என்றார். இப்போது உனக்காகப் பயப்படுவதா அவருக்காகப் பயப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டு பேரையும் ஒரே கடலுக்கு அங்கால் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பது?

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. அப்பாவின் கோட்டுப் பைக்குள் வருகிறது. நீ இதை வாசிக்கிறாய் என்றால் அவர் உன் முன்னால் நிற்கிறார். முதலில் அவரை இருக்கச் சொல்லு, சுடுதண்ணீர் கொடு, படி ஏறியதில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்திருக்கும். அந்த வெள்ளைக் குளிசையைத் தானாகப் போடமாட்டார், நீ கையில் எடுத்துக் கொடுத்தால் போடுவார். உன்னிடம் தட்டு ஒன்றுதான் இருக்கும், இன்னொன்று வாங்கு. கூட வா என்று அவர் உன்னைக் கேட்கமாட்டார், அவருடைய குணம் உனக்குத் தெரியும், ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அப்போது அவர் கேட்கிறார் என்று விளங்கிக்கொள். வரமுடியாது என்றாலும் பக்கத்து அறையில் இருக்கிற ஒருவனுக்காவது உன் பெயரைச் சொல்லிவை, நம் விலாசத்தை எழுதிக் கொடு. தேவமாதா தன் முந்தானைக்குள் உன்னை வைத்துக் காக்கட்டும், அந்தோனியார் உன் வழியில் முன்னே நடக்கட்டும், மாக்ரெட் நூறு முத்தம் சொல்லச் சொன்னாள். அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன், இந்தக் கடிதத்தை நீங்கள் என்னிடம் திருப்பிக் கொண்டுவரக்கூடாது என்று.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
அக்னேசம்மா பஸ்தியாம்பிள்ளை