இடது கையைக் கட்டும் சிகிச்சை

6.5, செவ்வாய்
கடும் வெயில். காலை எட்டு மணிக்கே கோட்டைப் பாறை சுடுகிறது. பிசியோதெரபி கிளினிக்கில் எனக்குப் புது கேஸ் கொடுத்தார்கள். அனந்தபுரம், வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பக்கவாதம், வலது கை. பேச்சு பரவாயில்லை.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் மூன்றாம் வகுப்பு சார். இடது கையில் எழுதுகிறேன் என்று என் தலை ரிப்பனை அவிழ்த்து, அதாலேயே அந்தக் கையை பெஞ்சுக் காலோடு கட்டிப்போட்டவர். வருஷம் முழுக்க. அவிழ்த்தால் ஸ்கேல் அடி.

பெயரைச் சொன்னேன். "எந்த ஊரும்மா?" செஞ்சி என்றேன். "அப்படியா." அவ்வளவுதான்.

7.5, புதன்
வாங்க வேண்டியது: ஸ்பாஞ்சு பந்து, துணி கிளிப், வீட்டுக்குத் தேங்காய் எண்ணெய்.

சாருடைய மருமகளுக்கு விளக்கினேன். நல்ல கையை, அதாவது இடதை, பகலில் ஆறு மணி நேரம் கட்டிவைக்க வேண்டும். வராத கையே எல்லாம் செய்யட்டும். மூளையில் ஒரு நரம்பணுவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சின்ன இடைவெளி. திரும்பத் திரும்பச் செய்தால் அதைத் தாண்டும் வழி பலப்படும். விட்டால் வாய்க்கால் மாதிரி தூர்ந்துபோகும்.

"கட்டணுமாக்கா? பாவம் மாமா."

படித்த சிகிச்சைதான், பொய்யில்லை. ஆனால் துண்டில் முடிச்சுப் போடும்போது இனித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

12.5, திங்கள்
கஞ்சித் தம்ளரை மடியில் கவிழ்த்துக்கொண்டு அழுதார். "அவுத்து உடும்மா, ஒண்ணுக்கு வருது." அதற்கு அவிழ்க்கலாம். மனதுக்குள் ஐம்பது எண்ணிவிட்டு அவிழ்த்தேன். பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. செஞ்சி வந்ததும் போய்விட்டது.

அவர் தொண்டையைச் செருமினால் என் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறது. முப்பத்தொரு வயது எனக்கு. அடித்த மூளையில் ஒன்றும் பதியவில்லை. அடி வாங்கிய மூளையில் தார் ரோடே போட்டாகிவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என்னை ஞாபகம் வந்து, அவர் வாயால் ஒரு மன்னிப்பு. கை சரியானால் என்னை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வர வேண்டும்.

21.5, புதன்
தூறல். பஸ் லேட்.

வலது கையால் தம்ளரை வாய்வரை கொண்டுபோய்விட்டார். மருமகள் கை தட்டினாள். "எல்லாம் உங்க புண்ணியங்க்கா."

கேட்டேவிட்டேன். "சார், மூணாங்கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு இடது கையக் கட்டிப்போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா?"

யோசித்தார். "ஒண்ணா ரெண்டா? எத்தினியோ புள்ளைங்களுக்குக் கட்டியிருக்கேன். எல்லாம் நல்லா வந்துட்டாங்க."

நோட்டை எடுத்து இடது கையில் முன்னேற்றம் எழுத ஆரம்பித்தேன். மணிக்கட்டில் சுளீரென்று ஓர் அடி. அவருடைய வலது கை. பதினைந்து நாளாக நான் பழக்கிய கை.

"கைய மாத்தும்மா," என்றார், அன்பாகவே.

மாற்றவில்லை. எழுதியது: 'வலது கை யாரும் சொல்லாமலே நீண்டது. குறி தப்பவில்லை. வேகம் நன்று. இடது கையைக் கட்டுவதை மேலும் ஒரு மாதம் தொடரவும்.'

இனி ஒரு வாரமே போதும். எனக்குத் தெரியும்.