ரேடியோ பொரிந்த மத்தியானம்

மதினி,

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை. கடைக்காரர் கேஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை எடுத்து, மேஜைமேல் இருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினார். ரேடியோ 'படக்' என்று பொரிந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். மறுபடியும் அதே சத்தம். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டு கடைக்கார பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மின்னல் வாரதுக்கு முன்னாடி காட்டிக்குடுக்குற ரேடியோன்னுதான கேட்டீங்க? இந்த லைட்டர்ல வாரது குட்டி மின்னல்தான். அதான் அமுக்கிக் காட்டுனேன்."

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இரண்டு வருஷமாக நான் கேட்காத சத்தம் அது. கடைசியாகக் கேட்டது உங்கள் ரேடியோவிலிருந்துதான்.

நூறு நாள் வேலைக்கு நீங்கள் ரேடியோ இல்லாமல் வந்து நான் பார்த்ததே இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பேட்டரி மூடி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பீர்கள். கண்மாயில் மண் அள்ளும்போது அதை இடுப்புச் சுருக்குப் பையில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பீர்கள். பாட்டைவிட அதன் பொரியும் சத்தத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்டீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னீர்கள்: "எண்ணெயில கடுகு போட்ட மாதிரி விட்டுவிட்டுப் பொரிஞ்சா எங்கயோ தூரத்துல மின்னுதுன்னு அர்த்தம். விடாம பொரிஞ்சா நம்ம தலைக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்." நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். பணித்தளப் பொறுப்பாளர் என்ற பெயரும், கையில் ஒரு தொடுதிரை போனும் எனக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. மழை என்றால் போன் சொல்லாதா என்று நினைத்தேன்.

அந்த மத்தியானத்தை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உங்களிடம் ஒரு தடவையாவது நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு பேர் கண்மாய்க்குள் இருந்தோம். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நாகமலைப் பக்கம் மட்டும் வானம் கறுத்திருந்தது. இரண்டாவது வருகைப்பதிவு போட்டோ எடுக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. இரண்டாவதில் முகம் இல்லாவிட்டால் அன்றைய வருகை கிடையாது, கூலியும் கிடையாது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு போட்டோ சரியாக ஏறவில்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் என்னை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டிருந்தார்கள்.

நீங்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தீர்கள். ரேடியோவை என் காதருகே பிடித்தீர்கள். அது விடாமல் பொரிந்துகொண்டிருந்தது.

"ஏ பிள்ள, கேட்டியா? எல்லாத்தையும் கரைக்கு ஏத்திவிட்ரு. பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்."

"பத்து நிமிசம் மதினி. போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருவோம்."

"வேணாம்த்தா. எனக்குப் பயமா இருக்கு."

"பத்தே நிமிசம்."

நீங்கள் போய் வரிசையில் உங்கள் மகள் செல்வி பக்கத்தில் நின்றீர்கள். நான் போட்டோ எடுத்தேன். மற்ற முப்பது பேரும் என் போனைப் பார்க்கிறார்கள். நீங்கள் மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறீர்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குள் காற்று மாறிவிட்டது. மண்வாசனை வந்தது. எல்லோரும் கரையைப் பார்த்து ஓடினோம். மண்வெட்டிகள் ஒற்றைப் பனைமரத்தடியில் கிடந்தன. "நீங்க போங்கடி, நான் எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் திரும்பினீர்கள். அது எனக்குக் கேட்டது. மண்வெட்டி கிடக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கண் தெரிந்தபோது நான் குப்புறக் கிடந்தேன், வாயெல்லாம் மண். செல்வி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே பனைமரத்தைப் பார்த்து ஓடினாள். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்யக் கரைமேல் ஏறினேன். கண்மாய்க்குள் சிக்னல் கிடையாது. மேலே ஏறியதும் போன் கூவியது. அடுத்த சில மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை பெய்யும், மரத்தடியில் நிற்க வேண்டாம் என்று ஒரு செய்தி. எப்போது அனுப்பினார்களோ, எனக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

கேட்டவர்களிடம் எல்லாம் "திடீர்னு வந்துருச்சு" என்றே சொன்னேன். போலீசிடம், அலுவலகத்தில், உங்கள் வீட்டு வாசலில், எங்கும் அதேதான். நீங்கள் ரேடியோவை என் காதில் வைத்ததைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேகம் கூடினாலே எனக்குப் பயம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுக்கப் போனேன். போய்விட்டு, எழுதிய தாளோடு திரும்பி வந்தேன். எனக்குப் பதிலாக வேறு யாராவது வந்து, அவளும் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. கடைசியில்தான் அவனியாபுரம் வந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஆரப்பாளையத்துக்கு ரேடியோ வாங்கப் போனேன்.

பாய் மூன்று வைத்துக் காட்டினார். முதலாவதில் பாட்டு கார்டு போடலாம், டார்ச் லைட் உண்டு, பளபளவென்று இருந்தது. ஆனால் எஃப்.எம். மட்டும்தான். லைட்டரை அமுக்கினார், அது அசையவே இல்லை, பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது. "எஃப்.எம். தெளிவா கேக்கும்மா. தெளிவா கேக்குறதுனாலயே மின்னல் இதுக்குத் தெரியாது."

இரண்டாவது வெளிநாட்டு ரேடியோ. அட்டைப்பெட்டியில் மேகமும் மின்னலும் படம் போட்டு, வானிலை எச்சரிக்கைக்கென்று தனிப் பொத்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் ஆசையாகிவிட்டது. இதுதான், இதையே கொடுங்கள் என்றேன். பாய் பொத்தானை அமுக்கிக் காட்டினார். 'உஸ்' என்று இரைச்சல் மட்டும் வந்தது.

"இந்தப் பொத்தானுக்கு அவங்க ஊர்ல தனி நிலையம் இருக்கு. நம்ம ஊர்ல அது கெடையாது. பெட்டியப் பாத்து வாங்கிட்டுப் போயி, எச்சரிக்கை வரும் வரும்னு காத்துக்கிட்டு இருப்பீங்க. நான் விக்க மாட்டேன் தாயி."

மூன்றாவதுதான் லைட்டருக்குப் பொரிந்தது. இருந்ததிலேயே விலை குறைந்ததும் அதுதான். உள்ளங்கையில் அடங்கும், முள் நகர்த்தித் திருப்புவது, பென்சில் பேட்டரி இரண்டு. மின்னலுக்குப் பொரிகிற மீடியம் வேவும் உண்டு, எஃப்.எம்.மும் உண்டு. "மீடியம் வேவ்ல இப்ப நிலையமே அம்புட்டா இல்ல. யாரும் கேக்குறதும் இல்ல" என்றார் பாய். நிலையம் வேண்டாம், இந்தச் சத்தம் போதும் என்றேன். வானிலைச் செய்தி கேட்க எஃப்.எம். இருக்கிறது, வேலை நேரத்தில் முள்ளை மீடியம் வேவ் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "போன் அலர்ட்டையும் அணைச்சுறாதீங்க. ரெண்டும் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் அது சும்மா இரைந்துகொண்டிருந்தது. பதினோராம் நாள் மத்தியானம் ஒரு 'படக்'. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தன. தலைக்குமேல் வானம் வெள்ளையாக இருந்தது. இரண்டாவது போட்டோவுக்கு அரைமணி நேரம் இருந்தது.

எழுந்து நின்று கத்தினேன். "எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு மேல ஏறுங்க. மண்வெட்டி, கூடை ஒண்ணையும் எடுக்க வேணாம்."

வயதில் மூத்த பாப்பாத்தி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "இம்புட்டு வெயிலு அடிக்கு. போட்டோ எடுக்காமப் போனா இன்னிக்கு வேலை செஞ்சதெல்லாம் என்னாகுறது?"

"நான் பேசிக்கிடுறேன்க்கா. ஏறுங்க."

யாரும் நகரவில்லை. அப்போது செல்வி தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறிவிட்டு, கரையைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள்.

பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் சுவரில் சாயாமல் நடுவில் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் ரேடியோ விடாமல் பொரிந்தது. இடி இரண்டு தடவை உருண்டது, வெகு தொலைவில். ஜன்னல் விளிம்பில் நாலு துளி விழுந்து காய்ந்தது. பிறகு வெயில் வந்துவிட்டது. கண்மாயில் ஒன்றுமே நடக்கவில்லை, மதினி. பாப்பாத்தி அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் ஏன் போட்டோ இல்லை என்று கேட்டார்கள். "பயமா இருந்துச்சு சார்" என்றேன். என்னம்மா பதில் இது என்றார் அதிகாரி. நீங்கள் செத்த அன்றைக்கும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். வானத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டியவள், இந்த அதிகாரியின் மேஜையைப் பார்த்துப் பயந்தேன். அன்று போன வருகைக்காக ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நின்று வாதாடினேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது இது இல்லை. முந்தாநாள் ரேடியோ மறுபடியும் பொரிந்தது. இந்தத் தடவை யாரும் நின்று பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் வெளியே எல்லாம் வெளுத்தது, கட்டடமே அதிர்ந்தது. மழை கொட்டத் தொடங்கியது. செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தக் கையைப் பிடித்திருக்க, சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"செல்வி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்கம்மா எங்கிட்ட வந்து சொன்னாங்க. ரேடியோ பொரியுது, போயிருவோம்னு சொன்னாங்க. நாந்தான் பத்து நிமிசம்னேன்."

அவள் கையை எடுக்கவில்லை.

"தெரியும் அத்தை. அம்மா சொன்னது எங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சு. நானும் போட்டோவுக்குத்தான நின்னேன். சேலைய வேற சரி பண்ணிக்கிட்டு நின்னேன்."

அதற்குப்பின் அவள் அழுதாள். நானும் அழுதேன். அந்த மழைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. மழை விட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வாரேன் அத்தை" என்று கிளம்பினாள். நேற்றும் வந்தாள், இன்றும் வந்தாள்.

பயம் எனக்குப் போகவில்லை, மதினி. அதோடுதான் கண்மாய்க்குள் இறங்குகிறேன். யாராவது என்னிடம் வந்து "பயமா இருக்கு" என்றால், உடனே எல்லோரையும் மேலே ஏற்றிவிடுகிறேன்.