சலாமுக்குப் பதில்

டிசம்பர் 8, திங்கள்

காலையில் பனி. கோட்டை மலை இருந்த இடத்தில் மலை இல்லை. ராயக்கோட்டை மண்டிக்குப் போகும் தக்காளி லாரிகள் விளக்கை எரியவிட்டபடி கனவில் வருவதுபோல ஒவ்வொன்றாக வந்தன. ஆங்கிலத் தேர்வு சுமார். கட்டுரை பாதியில் நின்றுவிட்டது.

மதியம் வீடு. அத்தா மண்டியில், அம்மா ரோஜாப்பூ பேக்கிங்கில். பூட்டைத் திறந்து, உள்ளே கால் வைத்து, சலாம் சொன்னேன். யாரும் இல்லாத வீடாக இருந்தாலும் சொல்ல வேண்டும். சின்னதிலிருந்து பழக்கம்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வஅலைக்கும் ஸலாம்."

பை கீழே விழுந்தது. ஒரு நொடி வீடுதான் பேசியது என்றே நினைத்தேன். அதன் குரல் இவ்வளவு களைப்பாகவா இருக்கும் என்றும் நினைத்தேன்.

அக்கா. சமையலறை மூலையில், புர்காகூடக் கழற்றாமல். ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். பின்கதவுச் சாவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளிடம் உண்டு.

"பயந்துட்டியா ரிசு?"

"ஏன் இருட்டுல உக்காந்துக்கிற?"

"வெளிச்சம் கண்ணக் குத்துது."

இடது கண் பாதி மூடியிருந்தது. சுற்றிலும் கத்திரிக்காய் நிறம். மச்சான்தான். இது மூன்றாவது தடவை.

சாயங்காலம் அம்மா அழுதாள். "இந்த ஊட்ல நிம்மதியே போச்சு." அத்தா உட்காரவே இல்லை. மச்சானிடமிருந்து போன் வந்தது. "இங்க வரலியே மாப்ள" என்றார் அத்தா. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னிடம், "நான் யோசிக்கணும். அதுவரிக்கும் யார் கேட்டாலும் உங்கக்கா இங்க இல்ல. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

அக்கா தூங்குகிறாள். காலையிலும் தூங்கினாள், மதியமும். கிணற்றில் போட்ட கல் போய்க்கொண்டே இருப்பதுபோல.

கணக்குத் தேர்வு. பென்சில் உருண்ட சத்தத்துக்கே டீச்சர் மேசையில் டஸ்டரைத் தட்டி "அமைதி!" என்றார். அமைதியை எப்போதும் அடித்துத்தான் சொல்கிறார்கள்.

அம்மாவின் சொல் நிம்மதி. அவள் வாயில் அது தனியாக வந்ததில்லை. பின்னாலேயே "போச்சு" வரும்.

அத்தாவின் அண்ணன் பெரியத்தா. அவருடைய சொல் சமாதானம். போன தடவை அக்கா வந்தபோது பேச வந்தவர் அவர்தான். பேசி முடித்தபின் பிரியாணி. எல்லோரும் சாப்பிட்டார்கள். அக்கா பெட்டியோடு ஆட்டோவில் ஏறினாள். "சமாதானம் ஆயிடுச்சு" என்று பெரியத்தா ஒவ்வொருவருக்கும் போன் செய்தார், தேர்தலில் ஜெயித்த மாதிரி.

உத்தனப்பள்ளியிலிருந்து வரும் மஞ்சுளாவிடம் (அக்கா பற்றிச் சொல்லாமல்) கேட்டேன், உங்கள் வீட்டில் சமாதானம் என்றால் என்ன?

"யாரோ ஒரு பொம்பள துணிய மடிச்சுப் பெட்டில வெப்பா. அதான்" என்று சிரித்தாள். அவள் வீட்டில் தெலுங்கில் பேசுவார்கள். தெலுங்கிலும் அதேதானாம்.

சலாம் என்றாலும் அமைதிதான். உங்கள்மேல் அமைதி உண்டாகட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்கிறோம்! அதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? பனி மாதிரி ஊருக்கு மேலே நிற்கிறதோ. வெயில் வந்ததும் போய்விடுகிறதோ.

வாங்க வேண்டியவை: கறுப்பு இங்க் பேனா, ஸ்கேல், அக்காவுக்குக் கண்ணில் வைக்க ஐஸ் (யாரும் பார்க்காமல்).

டிசம்பர் 10, புதன்

எழுத்து கோணல்.

இன்று தேர்வு இல்லை. நானும் அக்காவும் மட்டும். அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, பேசாதே என்று தலையாட்டினாள்.

இருவரும் தரையோடு தரையாக. கதவிடுக்கில் வெயில் கோடு. அதன் நடுவே ஒரு நிழல். மறுபடியும் தட்டல். மூச்சு விடவில்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. எல்லாம் மெதுவாக, பச்சையாக. நிழல் நகர்ந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

மச்சான் குரல். விருந்துக்கு வந்தவரைப்போல மெல்ல.

"வஅலைக்கும் ஸலாம்."

நான்தான் சொன்னேன். நினைத்துச் சொல்லவில்லை. யார் சலாம் சொன்னாலும் பதில் சொல்வது கடமை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் வாய் இது.

"ரிசு? ஊட்லதான் இருக்கியா? கதவத் தொற கண்ணு."

திறக்கவில்லை.

"அக்கா உள்ளதான இருக்கா. எனக்கு ஒண்ணும் கோவமில்லன்னு சொல்லு. வெள்ளிக்கிழம பெரியவங்களக் கூட்டிகினு வர்றன். சமாதானமா பேசி முடிச்சுக்கலாம்."

கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். செருப்புச் சத்தம் போனபின் அக்காவைப் பார்க்க முடியவில்லை. அவள் சிரித்தாள்!

"வாய் பழகிக்கிச்சு. நீ என்ன பண்ணுவ? மீதி சடையப் பின்னு."

மச்சான் வந்து போனதை அக்காதான் அத்தாவிடம் சொன்னாள். நான் பதில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவளை அனுப்பினால் என்னால்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பயம்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார்கள். பெரியத்தா, பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி, மச்சான், மச்சானின் அம்மா. புதுச் சட்டையில் மச்சான் அழகாகவே இருந்தார். அக்கா உள்ளறையில், திரைக்குப் பின்னால். நான் டீ கொண்டுபோனேன்.

மச்சான் அத்தாவிடம், "அவ வரலன்னு நீங்க பொய் சொன்னீங்க மாமா. சின்னவ உள்ள இருந்து சலாமுக்குப் பதில் சொல்லிட்டா. கொழந்தைக்கு இருக்கற மார்க்கம் பெரியவங்களுக்கு இல்ல" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. வெட்கத்தில் அத்தா சரி என்று சொல்லிவிடப் போகிறார். அக்கா பெட்டி கட்டப் போகிறாள். கண் முன்னால் ஆட்டோகூடத் தெரிந்தது.

அத்தா தலையை நிமிர்த்தினார். "ஆமா மாப்ள. பொய்தான். அவ கண்ணப் பாத்துட்டுச் சொன்ன பொய்யி. நாளைக்கும் சொல்வன்."

"தம்பி, கோவப்படாத" என்றார் பெரியத்தா. "சமாதானமாப் போயிட்டா எல்லாருக்கும் நல்லது."

முத்தவல்லி டீயைத் தொடவில்லை. திரைப் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ சொல்லும்மா. உங்கிட்ட யாரும் கேக்கல" என்றார்.

திரை அசைந்தது. அக்கா வெளியே வந்தாள். கண்ணை மறைக்கவில்லை.

"ரெண்டு தடவ சமாதானம் பண்ணி வெச்சீங்க பெரியத்தா. ரெண்டு தடவையும் நான்தான் சமாதானம் ஆனன். அவரு ஆவல. இந்தத் தடவ எனக்கு வேணாம்."

வெளியே மாடு கத்தியது. மச்சானின் அம்மா மட்டும் அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள், பிறகு நிமிரவே இல்லை.

முத்தவல்லி எழுந்தார். "அனுப்பறதுன்னு நான் சொல்ல மாட்டன். மேல என்னன்னு பள்ளிவாசல்ல முறையா பேசிக்கலாம். நீ வா தம்பி" என்று மச்சானின் தோளைத் தொட்டார். பெரியத்தா யாருக்கும் போன் செய்யவில்லை.

அவர்கள் போனபின் அம்மா அழுதாள். ஊர் என்ன சொல்லும், யாருக்கு என்ன பதில் சொல்வது. அத்தா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சக்கர தூக்கலா போட்டுட்ட" என்றார்.

டிசம்பர் 13, சனி

மறுபடி பனி. வரலாறு படிக்கவில்லை.

குழாயடியில் அம்மாவும் நானும். பக்கத்து வீட்டு லட்சுமி அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெரியவ வந்துக்கிறாளாமே? எத்தினி நாளிக்கி?"

அம்மா குடத்தின் கழுத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே கழுவிய குடம். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவள்.

"இனிமே இங்கதான்" என்றாள் அம்மா. குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.