மீட்டர் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு ஜென்சியின் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் டெல்லியில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

"எம் பொண்ணு மீட்டர் வேலை பாக்குறா" என்று நீங்கள் சொன்னதை நம்பி, எதிர்வீட்டு சந்திரிகா அக்கா போன் செய்து, "எங்க வூட்டு ஈ.பி. மீட்டர் வேகமா ஓடுது, இன்னா பண்றது?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். என் வேலைக்குப் பெயர் எகனாமெட்ரிக்ஸ் அம்மா. அதுவும் அளப்பதுதான், ஆனால் கரண்டை அல்ல. எது எதனால் எவ்வளவு நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பிரித்துப் பார்ப்பது.

முடிச்சூரில் மழை பெய்தால் உடனே என்னைக் கூப்பிட்டு, "சும்மாதான்டி" என்கிறீர்கள். காரணம் மழையா, அந்த 2015 வெள்ளத்தின் பயமா, நான் பக்கத்தில் இல்லாததா? மூன்றும் சேர்ந்தே வருவதால் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மழை நாளில் நான் வீட்டில் இருந்தால்தான் தெரியும்.

இங்கே வேலை பார்க்கும் நம்மூர் ஆரோன் அண்ணன் லீவில் ஊருக்குக் கிளம்பி, இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். திரும்பும்போது அவரிடம் ரசப்பொடி கொடுத்தனுப்புங்கள். என் பழைய குடையைத் தூக்கிப் போடாதீர்கள். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். மழை பெய்யும்போது, கிச்சனிலிருந்தும் என்னைச் சும்மா கூப்பிடுவீர்களா என்று பார்க்க வேண்டும்.

உங்கள்
ஜென்சி